அழாதவர் நடித்த படம்

மகளுடைய படத்தில் நடிக்கச் சம்மதித்தபோது ஷாங் ஷௌலி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தன்னை அழச் சொல்லக் கூடாது.

"உங்கள யாரு அழச் சொன்னா?" என்றாள் சிங்யா. "அழாத அப்பாதான் எனக்கு வேணும். படமே அதைப் பத்தித்தானே."

அதிலிருந்த குத்தல் அவருக்குப் புரியாமல் இல்லை. அவருடைய மனைவி யூரு இறந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. அதற்குப் பிறகு மகள் பெய்ஜிங்கிலிருந்து ஊருக்கு வந்தால் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ஓட்டலில்தான் தங்குவாள். வீட்டுக்கு வந்து, அம்மாவின் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றிவிட்டு, அப்பாவிடம் ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாள்.

காரணம் ஊருக்கே தெரியும். யூரு உயிர் விட்ட காலையில், சிங்யாவும் யூருவின் தங்கை லான்ஜியும் உடம்பைத் துடைத்து, சவ உடை உடுத்தி, காலுறை மாட்டிக்கொண்டிருந்தபோது, ஷௌலி பால்கனியில் நின்று, குளிர்காலத்துக்கு வாங்கி அடுக்கியிருந்த முட்டைக்கோசுகளுக்குப் பழைய பஞ்சுப் போர்வையைப் போர்த்திக்கொண்டிருந்தார். உறைபனி விழும் என்று முந்தின நாள் செய்தியில் சொல்லியிருந்தார்கள். பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வானிலையை அலட்சியம் செய்யத் தெரியாது. இறுதிச் சடங்கில், கூலிக்கு ஒப்பாரி வைக்க வந்த பெண் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவருக்கும் சேர்த்து அழுதுவிட்டுப் போனாள். அவர் கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. "பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி நிக்கிறாரு பாரு" என்று லான்ஜி சொன்னது அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. முட்டைக்கோசு கதை அதற்கு முன்பே பரவியிருந்தது.

இப்போது அந்தக் கதையைத்தான் மகள் படமாக எடுக்கிறாள். ஒரு காலத்தில் படம் என்றால் பேரரசர்களும் கூரை மேல் பறக்கிற வாள்வீரர்களும்தான். சிங்யாவின் வயதுக்காரர்கள் அதையெல்லாம் விட்டுவிட்டார்கள். சொந்த வீட்டுச் சமையலறையில் கேமராவை வைத்து, சொந்த அம்மா அப்பாவையே நடிக்க வைத்து, ஊர்ப் பேச்சிலேயே பேச விட்டு எடுக்கிறார்கள். அப்பன் மகள் பேசாமல் சாப்பிடுவதை மூன்று நிமிடம் காட்டினால் வெளிநாட்டில் எழுந்து நின்று கைதட்டுகிறார்களாம். ஷௌலிக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் படப்பிடிப்பு என்றால், ராத்திரி ஓட்டலுக்குப் போனாலும், ஒரு மாதம் பகலெல்லாம் மகள் வீட்டில் இருப்பாள். அவர் ஒப்புக்கொண்டது அதற்காகத்தான்.

யூருவாக நடிக்க, கலைந்துபோன மாவட்ட நாடகக் குழுவிலிருந்து மியாவ் என்ற பெண்மணியைப் பிடித்தார்கள். அறுபதை நெருங்கும் வயது, கணீரென்ற குரல். முதலில் லான்ஜியைத்தான் கேட்டாள் சிங்யா. அக்காவின் ஜாடை கொஞ்சம் இருந்தது. "அக்கா படுத்த கட்டில்ல நான் போய்ப் படுக்கணுமா? போடி" என்று லான்ஜி விரட்டிவிட்டாள். மியாவுக்கு அந்தத் தயக்கமெல்லாம் கிடையாது.

"மேடையில நான் எத்தனை தடவ செத்திருக்கேன் தெரியுமா வாத்தியாரே? விஷம் குடிச்சு, கழுத்தறுத்து, ஆத்துல விழுந்து. எமன் என்னைப் பார்த்தா, 'அட, இவளா, இன்னிக்கும் ஒத்திகைதான்'னு திரும்பிப் போயிடுவான்."

படப்பிடிப்புக்காரர்களுக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடிப்பவருக்கு அந்த ஷாட் முடிந்ததும் சிவப்பு உறையில் பணம் வைத்துக் கொடுக்க வேண்டும். அவர் உடனே எழுந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். சுற்றி நிற்பவர்களும் கூடச் சிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் நடித்த சாவு ஒட்டிக்கொள்ளும். பெய்ஜிங்கில் படித்த பிள்ளைகள் எல்லாவற்றையும் கிண்டல் செய்வார்கள். இதை மட்டும் கிண்டல் செய்ய மாட்டார்கள்.

சாவுக் காட்சியை எடுத்தது ஒரு காலை வேளையில். அதே அறை, அதே கட்டில். மியாவ் சவ உடையில் மல்லாந்து கிடந்தாள். முகத்தில் வெளிறிய மஞ்சள் நிற ஒப்பனை பூசி, கன்னம் ஒட்டியது போலக் காட்டியிருந்தார்கள். அவள் மேல் கிடந்த பஞ்சு அடைத்த பச்சைச் சட்டை யூருவுடையது. லான்ஜியிடமிருந்து சிங்யா இரவல் வாங்கியது. ஷௌலி பால்கனிப் பக்கம் போய் நிற்கப் போனார். அவருடைய இடம் அதுதானே.

"அங்க இல்லப்பா," என்றாள் சிங்யா. அவள் கையில் ஒரு ஜோடி வெள்ளைக் காலுறை இருந்தது. "இங்க உக்காருங்க. நீங்க மாட்டி விடணும்."

"நான் மாட்டலயே. நீயும் உன் சித்தியும்தானே."

"படத்துல நீங்க மாட்டுறீங்க."

"ஏன்?"

அவள் மானிட்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். விளக்குகள் எரிந்தன. யாரோ கிளாப் பலகையைத் தட்டினார்கள். ஷௌலி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, போர்வையை விலக்கி, மியாவின் வலது பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்தார்.

பாதம் சூடாக இருந்தது.

அவர் எதிர்பார்த்தது என்னவென்று அவருக்கே தெரியாது. ஆனால் அது இல்லை. உள்ளங்கையை நிறைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் பாதம், குதிகாலில் வெடிப்பு, கட்டைவிரலில் ஒரு காய்ப்பு, சூடு. காலுறையை விரித்துப் பிடித்தார். மாட்ட முடியவில்லை. நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மாடு கதறுவது போல இருந்த அந்தச் சத்தம் தன்னுடையதுதான் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பாதத்தை முகத்தோடு சேர்த்துக்கொண்டு அழுதார். மூக்கு ஒழுகியது. "எழுந்திரு, எழுந்திரு, கஞ்சி ஆறுது" என்று என்னென்னவோ சொன்னார். வசனத்தில் அப்படி எதுவும் இல்லை. மியாவ் தேர்ந்தவள்; இமைகூட அசைக்கவில்லை.

"கட்" என்று சொல்ல சிங்யாவுக்கு வெகுநேரம் ஆனது. சொன்னபோது அவள் குரலும் உடைந்திருந்தது.

மறுநொடியே மியாவ் ஸ்பிரிங் வைத்தவள் போல எழுந்து உட்கார்ந்து, "ஹா! ஹா! ஹா!" என்று நாடகக் குரலில் சிரித்தாள். அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். தயாரிப்பு வேலை பார்க்கும் பெண் சிவப்பு உறையைக் கொண்டுவந்து ஷௌலி கையில் திணித்தாள். "வீட்டுக்காரர் கையால குடுத்தாத்தான் நல்லது வாத்தியாரய்யா!"

"சிரிங்க வாத்தியாரே!" மியாவ் அவர் கையைப் பிடித்து உலுக்கினாள். "நீங்க சிரிக்கலன்னா அது என் மேலயே ஒட்டிக்கும். நான் இன்னும் பேரன் கல்யாணம் பாக்கணும்!"

ஷௌலி சிரித்தார். முகமெல்லாம் கண்ணீரும் சளியுமாக இருக்க, முதலில் மரியாதைக்காகச் சிரித்தார். பிறகு அது நிற்கவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். புகைப்படம் எடுக்கும் பெண் அந்த நேரத்தில் ஒரு படம் எடுத்ததை அவர் கவனிக்கவில்லை. அன்று மத்தியானம் அவருக்கு நல்ல பசி. ஆட்டுக்கறிச் சாற்றில் கொதித்த பட்டையான நூடுல்ஸை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னொரு கிண்ணமும் கேட்டு வாங்கினார். உடம்பு காற்றுப் போல இலேசாக இருந்தது. யூரு போன பிறகு அப்படி ஒரு மத்தியானம் அவருக்கு வாய்த்ததில்லை.

சாயங்காலம் போனில், குடும்பக் குழுவில் அந்தப் புகைப்படம் வந்து விழுந்தது. படக்குழுவில் யாரோ தங்கள் இணையப் பக்கத்தில் போட்டதை ஊர்க்காரர் ஒருவர் பார்த்து, அது கை மாறிக் கை மாறி வந்திருந்தது. ஷௌலி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். சவ உடை போட்ட ஒரு பெண் வாய் கொள்ளாமல் சிரிக்கிறாள். அவளுடைய கையை ஒரு கிழவன் பிடித்திருக்கிறான். அவனும் சிரிக்கிறான். அவனுடைய இன்னொரு கையில் சிவப்பு உறை. பின்னால் சுவரில், மாலைக்குள் யூருவின் படம். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

மூன்றாம் ஆண்டு கழியாத வீடு அது. வாசலில் இன்னும் வெள்ளைத்துணி கட்டியிருந்தது. சிவப்பு கல்யாணத்துக்கும் மங்களத்துக்கும் உரிய நிறம் என்பதால், புது வருடத்துக்குக்கூட அவர்கள் சிவப்புக் காகிதம் ஒட்டியதில்லை. அந்த வீட்டுக்குள், மனைவியின் சட்டை கிடக்கிற கட்டிலில், ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, சிவப்பு உறையோடு. பார்க்கிறவர்களுக்கு அது என்ன மாதிரித் தெரியும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது. கடைசியில் லான்ஜி ஒரு வரி போட்டாள்: "அக்காவோட மூணாம் வருஷத்துக்கு எங்க வீட்டுலேருந்து யாரும் வர மாட்டோம். மாப்பிள்ளைக் கோலத்துல இருக்கிறவர் வீட்டுல எங்களுக்கு என்ன வேலை."

பெண்ணின் பிறந்த வீட்டார் வராமல் மூன்றாம் ஆண்டு முடியாது. வாசலில் கட்டிய வெள்ளையை அவிழ்க்க வேண்டியவர்கள் அவர்கள். அவர்கள் வராவிட்டால் துக்கம் தீராமல் தொங்கும். செத்தவள் தலைகுனிந்து போவாள் என்று பேசுவார்கள். ஷௌலி போனைக் கவிழ்த்து வைத்தார். காது மடல் வரைக்கும் எரிந்தது.

மறுநாள் காலையில் யூருவின் அறைக்குப் போனார். சிங்யா அங்கேதான் கணினியை வைத்துக்கொண்டு எடுத்த வரைக்கும் கோத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஷாட்டைத் தூக்கிடும்மா."

"எது?"

"அழுதது."

அவள் நாற்காலியோடு திரும்பினாள். "போட்டோ போட்ட பொண்ணைத் திட்டி எடுக்கச் சொல்லிட்டேன்பா. சித்திகிட்ட நான் பேசுறேன். அது வழக்கம்னு சொன்னாப் புரியும்."

"போட்டோவைச் சொல்லல. ஷாட்டைச் சொன்னேன்."

"அப்பா, அதான் படமே. அதுக்கு முன்னாடி வரைக்கும் என்கிட்ட இருந்தது ஒரு கோவம், அவ்வளவுதான். கோவத்தை வெச்சு யாரு படம் பாப்பா?" அவள் கணினியை ஓரமாகத் தள்ளினாள். "நான் ஓட்டல் ரூமைக் காலி பண்ணிட்டேன். தெரியுமா?"

அவருக்குத் தெரியாது.

"நேத்து மானிட்டர்ல உங்களப் பாத்தேன் இல்ல, அப்பத்தான். மூணு வருஷமா இந்த மனுஷன் அம்மாவ நேசிக்கவே இல்லன்னு நெனச்சிட்டிருந்தேன். உள்ளயே வெச்சிருந்திருக்கீங்க. நான்தான் மடச்சி."

அவள் எழுந்து வந்து அவர் தோளில் தலையை வைத்தாள். சின்ன வயதுக்குப் பிறகு அவள் அப்படிச் செய்ததில்லை. ஷௌலி அசையாமல் நின்றார். வேறு எந்த நேரமாக இருந்தாலும் அந்தத் தலையின் கனத்துக்காக எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பார். இப்போது, வேறு யாருக்கோ வந்த பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டவர் போல நின்றார். பிறகு மெல்ல விலகி வெளியே வந்தார்.

ஒரு பெட்டி பால் வாங்கிக்கொண்டு லான்ஜியின் கடைக்குப் போனார். சந்தைத் தெருவில் எள் ரொட்டி சுடும் கடை. லான்ஜி முழங்கை வரை மாவோடு, அடுப்பின் உட்சுவரில் ரொட்டியை அறைந்து ஒட்டிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் வாங்க நின்றவர்களிடம், "வழி விடுங்க, வழி விடுங்க. நடிகர் வந்திருக்காரு" என்றாள்.

"லான்ஜி."

"கையெழுத்துப் போட்டுக் குடுப்பீங்களா அத்தான்? எங்க கடை சுவத்துல மாட்டிக்கலாம்."

நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு கிழவர், "சினிமாவுல இருக்கிறவங்க எள் ரொட்டியெல்லாம் சாப்பிடுவாங்களா?" என்றார். ஷௌலி பால் பெட்டியைக் கீழே வைக்க இடம் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். கூட்டம் கலையும் வரை அவள் அவரை நிற்க வைத்தாள். அவர் நின்றார்.

"அது வழக்கம் லான்ஜி," என்றார் கடைசியில். "பொணமா நடிச்சவங்க சிரிக்கணும், கூட இருக்கிறவங்களும்..."

"தெரியும். சிங்யா போன் பண்ணி அர மணி நேரம் வகுப்பெடுத்தா. அவ சிரிக்கட்டும், சிரிச்சாத்தான் உயிரு நிக்கும். உங்களுக்கு என்ன வந்துச்சு? நீங்களா செத்தீங்க?" அவள் கரண்டியால் ஒரு ரொட்டியைப் பிய்த்தெடுத்துத் தட்டில் போட்டாள். "சிரிப்பைக்கூட விடுங்க. சிங்யா சொல்றா, நீங்க அப்படி அழுதீங்களாம், கல்லும் கரைஞ்சிருமாம். என் அக்கா கால நான் புடிச்சேன் அத்தான். ஐஸ் மாதிரி இருந்துச்சு. வெரலு வெறச்சுப் போயி காலுறைக்குள்ள போகவே மாட்டேங்குது. நான் ஒவ்வொரு வெரலா ஊதி ஊதி உள்ள தள்ளுறேன். அப்ப நீங்க முட்டைக்கோசுக்குப் போர்த்தி விடுறீங்க. அப்ப வராத அழுக, முந்தின நாளு சந்தையில வெலை பேசிட்டிருந்த ஒரு நாடகக்காரிக்காக வருது. அது எப்படி வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. நான் வரேன்."

அவர் தரையைப் பார்த்தார். சொல்லாமல் போய்விடலாம். யூருவை நினைத்துத்தான் அழுதேன் என்று சொன்னால் அவள் நம்புவாள், நம்பத்தான் விரும்புகிறாள். மகள் ஏற்கெனவே நம்பிவிட்டாள்.

"கால் சூடா இருந்துச்சு," என்றார்.

"என்னது?"

"அந்தம்மாவோட கால். சூடா இருந்துச்சு. யூருவ நெனச்சு வரல. அந்த நேரத்துல யூரு எனக்கு ஞாபகத்துலயே இல்ல. ஒரு பொம்பள கால் கையில... மூணு வருஷமா நான் யாரையும் தொட்டதில்ல லான்ஜி. எனக்காகத்தான் அழுதேன். அப்புறம் சிரிச்சேனே, அதுவும் பொய் இல்ல. நெசமாவே சந்தோஷமா இருந்துச்சு. ரெண்டு கிண்ணம் சாப்பிட்டேன்."

லான்ஜி கையிலிருந்த கரண்டியை வைத்தாள். அவளுடைய முகம் சிவந்தது, அடுப்பின் சூட்டினால் அல்ல. இப்படி ஒன்றை ஒரு ஆண், அதுவும் அக்கா புருஷன், தன்னிடம் சொல்வான் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. கேட்டதற்காகத் தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது போலிருந்தது.

"சீ," என்றாள் மெதுவாக. பிறகு, "சிங்யாகிட்ட சொன்னீங்களா இத?"

"இல்ல."

"அவ உங்கள மன்னிச்சிட்டேன்னு என்கிட்ட அழுதா. எதுக்கு மன்னிச்சான்னு அவளுக்குத் தெரிய வேணாமா?" அவள் மறுபடி மாவுக்குள் கைவிட்டாள். "அவகிட்டச் சொல்லுங்க மொதல்ல. என்கிட்ட வந்து சொல்றது சுலபம். நான் ஏற்கெனவே உங்கள மதிக்கல. பாலை எடுத்துட்டுப் போங்க, எங்க வீட்டுல யாரும் குடிக்கிறதில்ல."

அவர் பாலை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தார். சந்தைத் தெருவில் தெரிந்தவர்கள் எல்லாரும் அந்தப் பால் பெட்டியைப் பார்த்தார்கள். கொண்டுபோன பரிசைத் திருப்பி எடுத்துவருகிறவனை அந்த ஊரில் யாரும் விசாரிக்க வேண்டியதில்லை.

அன்று மத்தியானமே சொன்னார். ஒத்திப் போட்டால் சொல்ல மாட்டார் என்று அவருக்கே தெரிந்திருந்தது. சிங்யா அந்த ஷாட்டைத்தான் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு கிழவன் ஒரு பாதத்தை முகத்தில் வைத்துக் கேவிக்கொண்டிருந்தான். பார்க்கக் கூசியது. லான்ஜியிடம் சொன்ன அதே வார்த்தைகளை, அதைவிடச் சின்னக் குரலில், சுவரைப் பார்த்துச் சொன்னார். சாப்பாட்டைப் பற்றியும் சொன்னார். அதை விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது, விடவில்லை.

சிங்யா திரையை நிறுத்தினாள். அவள் தோள் மெல்லக் கீழே இறங்கியதை அவர் பார்த்தார்.

"அப்ப அம்மாவுக்காக இல்ல," என்றாள்.

"இல்ல."

"அம்மாவுக்காக எப்பவாவது?"

அவர் யோசித்தார். "தெரியலம்மா. வரும்னுதான் காத்திட்டிருக்கேன்."

அப்போது ஒன்று நடந்தது. மேசை மேல், கணினிக்குப் பக்கத்தில், அவளுடைய சின்னக் கேமரா இருந்தது. அவளுடைய வலது கை தானாக அதை நோக்கிப் போனது. விரல்கள் கேமராவின் மூடியைக் கழற்றின. கண் இன்னும் அவர் முகத்தின் மேலேயே இருந்தது. ஆனால் அந்தப் பார்வை மாறியிருந்தது. வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று அளக்கிற பார்வை. அவர் அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை அவள் பார்த்தாள்.

கை அங்கேயே நின்றது.

"ஐயோ," என்றாள். மூடியைத் திரும்ப மாட்ட முயன்றாள். அது சரியாகப் பொருந்தவில்லை. "நான் எடுக்க வரலப்பா. சத்தியமா. கை போயிடுச்சு." அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "அம்மா செத்த அன்னிக்கும் இப்படித்தான். காலுறை மாட்டிட்டு இருக்கேன், மண்டைக்குள்ள, ஜன்னல் வெளிச்சம் நல்லா இருக்கேன்னு ஓடுது. அதுக்காகத்தான் உங்க மேல அவ்வளவு கோவம் வந்துச்சு போல. நம்ம வீட்டுல யாரோ ஒருத்தராவது ஒழுங்கா அழுதிருக்கணும் இல்ல?"

ஷௌலி கேமராவை எடுத்து, மூடியைத் திருப்பிப் பொருத்தி, மேசையில் வைத்தார். அது சுலபமாகவே பொருந்தியது. அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல், நிறுத்தி வைத்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தூக்கிடறேன்பா," என்றாள் அவள் கடைசியில்.

"வேணாம்." அவர் சொன்னது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "எங்க நிறுத்துற அதை?"

"நீங்க 'கஞ்சி ஆறுது'ன்னு சொல்றீங்க இல்ல, அங்க."

"அங்க நிறுத்தாத. கேமரா ஓடிட்டுத்தானே இருந்துச்சு? அந்தம்மா எழுந்து சிரிக்கிறது, நான் சிரிக்கிறது, உறை, எல்லாம் இருக்கட்டும். அழுகையோட வெட்டினா என்னைப் பெரிய மனுஷனாக்கிடும்."

"ஊரே காறித் துப்பும்பா."

"துப்பட்டும்."

அவள் சம்மதம் என்று சொல்லவில்லை. ஆனால் அன்று ஓட்டலுக்கும் திரும்பிப் போகவில்லை. யூருவின் கட்டிலில் சுருண்டு படுத்துத் தூங்கினாள். ஷௌலி லான்ஜிக்குப் போன் செய்தார். "சொல்லிட்டேன்," என்றார். அந்தப் பக்கம் அடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் போனை வைத்துவிட்டாள்.

மூன்றாம் ஆண்டு நாள் காற்றோடு விடிந்தது. கோதுமை வயலுக்கு நடுவே இருந்த சமாதிக்குப் பங்காளிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். லான்ஜி வீட்டார் வரவில்லை. அவர்கள் இல்லாமல் தொடங்கலாமா கூடாதா என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஷௌலி தலை குனிந்து நின்றார். அவரைச் சுற்றி ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. அது அவர் முதுகில் படுவது தெரிந்தது. வாத்தியார் ஷூட்டிங்கில் ஆறாக அழுதாராம் என்று எல்லாருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. இன்றைக்கு மனைவியின் சமாதியில் என்ன செய்கிறார் என்று பார்க்க வந்தவர்கள் பாதிப் பேர்.

வயல் வரப்பின் மேல் லான்ஜி தனியாக வந்தாள். கையில் செத்தவர்களுக்காக எரிக்கும் காகிதப் பணக் கட்டும் ஒரு பை எள் ரொட்டியும். யாரிடமும் பேசாமல் நேரே சமாதிக்கு வந்து, ரொட்டியை வைத்து, காகிதத்தைப் பிரித்து, குந்தி உட்கார்ந்து பற்ற வைத்தாள். எல்லாரும் மண்டியிட்டார்கள். சிங்யா அழுதாள், அழுகை நடுவே திக்கித் திக்கி வந்தது.

ஷௌலிக்கு வரவில்லை. வேண்டினார். பச்சைச் சட்டையை நினைத்தார், ஊதி ஊதித் தள்ளிய விரல்களை நினைத்தார். கண் காய்ந்த ஓடை போலக் கிடந்தது.

பங்காளி ஒருவர் பின்னாலிருந்து மெதுவாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "கேமரா இல்லையே, அதான்" என்றார். இரண்டு மூன்று பேர் சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். ஷௌலியின் கழுத்து எரிந்தது.

லான்ஜி திரும்பிப் பார்த்தாள். "என்ன, வேடிக்கை பாக்க வந்தீங்களா எல்லாரும்? ஆளுக்கு ஒரு கட்டு எடுத்துப் பிரிங்க. அரையும் குறையுமா எரிஞ்சா அக்காவுக்குப் போய்ச் சேராது." பிறகு அவரைப் பார்க்காமலே, "அத்தான், இந்தப் பக்கம் வந்து குனியுங்க. காத்து அணைக்குது."

அவர் நெருப்புக்கும் காற்றுக்கும் நடுவே குந்தி உட்கார்ந்து, கோட்டின் இரு பக்கத்தையும் விரித்துப் பிடித்தார். தீ பிடித்துக்கொண்டது. புகை நேராக அவர் முகத்தில் அடித்தது. கண்கள் நிறைந்து, தாரை தாரையாக வழிந்தன. பின்னால் யாரோ, "பாரு, வந்திருச்சு" என்று கிசுகிசுத்தார்கள். பங்காளியின் மனைவி மூக்கை உறிஞ்சினாள்.

அவர் அப்படியே இருந்திருக்கலாம். அன்று அவரை யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"புகை," என்றார் அவர், எல்லாருக்கும் கேட்கும்படி.

"தெரியும்," என்றாள் லான்ஜி. "கோட்ட விடாதீங்க, நல்லா விரிச்சுப் புடிங்க." அடுத்த கட்டைப் பிரித்துத் தீயில் போட்டாள்.